உண்மையைச் சொல்லத் தைரியம் எங்கிருந்து வரும்? கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் வாராவாரம் வேதபாடக் கூட்டம் நடத்துகிறவன் நான். ஊழியக்காரன் அல்ல, சபையார்தான். எந்தப் பகுதியைப் படித்தாலும் சரி, கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள்: "தப்புன்னு தெரியுது அண்ணே, வாயைத் திறக்க முடியல. என்ன செய்ய?" அப்படி வந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், அன்றைக்குச் சொல்லத் தவறியவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வசனங்கள் பழைய திருப்புதலில் உள்ளபடி.

எனக்குச் சுபாவத்திலேயே பயம் அதிகம். என்னைப் போன்றவர்களால் முடியுமா?

பேதுருவுக்குச் சுபாவத்தில் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. கெத்செமனே தோட்டத்தில் ஆயுதங்களோடு வந்த கூட்டத்துக்கு முன்னால் பட்டயத்தை உருவி, மல்குஸ் என்பவனின் காதை வெட்டியவர் அவர். அதே இரவில், சில மணி நேரம்கூடக் கழியாமல், பிரதான ஆசாரியன் வீட்டு வாசலைக் காக்கிற ஒரு வேலைக்காரப் பெண், "நீயும் அந்த மனுஷனுடைய சீஷரில் ஒருவனல்லவா?" என்று கேட்கிறாள். "நான் அல்ல" என்கிறார்.

சண்டை போடத் தைரியம் இருந்தது. "ஆமாம், நான் அவருடைய ஆள்" என்று சொல்லத்தான் தைரியம் இல்லை. இரண்டும் வேறு வேறு. சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள், கமிட்டியில் மேசையைத் தட்டுகிறவர்கள் எல்லாம் உண்மை பேசும் தைரியம் உள்ளவர்கள் என்று நினைத்து நாம் ஏமாந்துபோகிறோம். குரலே எழும்பாத சில பேர்தான் தேவைப்பட்ட நேரத்தில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் உங்கள் சுபாவத்தை ஒரு தடையாக எண்ணவே வேண்டாம்.

பேதுரு எப்படி மாறினார்? பரிசுத்த ஆவி வந்ததும் பயம் போய்விட்டது, அவ்வளவுதானே?

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

அவர் இயேசுவை மூன்று தடவை மறுதலித்த இடத்தில் குளிர் காய்வதற்குக் கரிநெருப்பு போட்டிருந்தார்கள். யோவான் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இந்தக் கரிநெருப்பு இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது. உயிர்த்தெழுந்த பிறகு, யோவான் 21-இல், திபேரியா கடற்கரையில் இயேசு மூட்டி வைத்திருந்த நெருப்பு. அதின்மேல் மீன். பக்கத்தில் அப்பம். இரவெல்லாம் வலைபோட்டு ஒன்றும் கிடைக்காமல் விடியற்காலையில் ஈரத் துணியோடு கரையேறி வருகிற பேதுருவின் மூக்கில் முதலில் ஏறியிருப்பது அந்தக் கரிப்புகைதான். அந்த வாசனை எந்த முற்றத்தை அவருக்கு நினைவுபடுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கே வைத்துத்தான் இயேசு மூன்று தடவை, "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்கிறார். "ஏன் மறுதலித்தாய்?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் மூன்றாவது தடவை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. தன்னைப் பற்றிய உண்மை முழுவதும் வெளியே வந்துவிட்டது, ஆனாலும் தான் தள்ளப்படவில்லை என்று அவருக்குத் தெரிந்தது அங்கேதான்.

நாம் உண்மை பேசப் பயப்படுவதற்கு முக்கியமான காரணம், நாம் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிற ஏதோ ஒன்று என்று நான் நம்புகிறேன். பெயர், பதவி, பழைய தப்பு ஒன்று. 'நான் பேசினால் அவன் என்னுடையதைக் கிளறுவான்' என்ற கணக்கு. பேதுருவிடம் கிளறுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. முதல் சபையின் தலைவர் அவர். தன் மறுதலிப்பை ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கலாம். நான்கு சுவிசேஷங்களிலும் அது அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அப்போஸ்தலர் 4. ஆலோசனைச் சங்கத்தில் பேதுருவை நிறுத்தியிருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பிரதான ஆசாரியர்களான அன்னாவும் காய்பாவும். எந்த வீட்டு முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்தாரோ, அந்த வீட்டு எஜமான்களே. "நாங்கள் கண்டவைகளையும் கேட்டவைகளையும் பேசாமலிருக்கக்கூடாதே" என்கிறார்.

அப்படியானால் ஒருமுறை தைரியம் வந்துவிட்டால் போதுமா?

போதாது. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை வாசியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்தார்கள். அவர்களுக்குப் பயந்து பேதுரு பந்தியை விட்டு விலகினார். ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவர், சொந்த ஜனங்கள் முகம் சுளிப்பார்களே என்று எழுந்து போனார்.

எனக்கு இது பெரிய ஆறுதல். வெளியாட்களிடம் பேசுவதைவிட நம் ஆட்களிடம் பேசுவதுதான் கஷ்டம் என்று அப்போஸ்தலனே காட்டியிருக்கிறார். பவுல் அவரை "முகமுகமாய்" எதிர்த்தார். பின்னால் பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் அதே பவுலுக்கு வந்த பெயர், "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்."

சபைக் கணக்கில் தவறு இருப்பது எனக்குத் தெரியும். எங்கே தொடங்குவது?

இதற்கு என் கதையைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் நான் இருந்த ஒரு சபையில் அசனக் (சபை விருந்து) கணக்கைச் சரிபார்க்க இரண்டு பேரைப் போட்டார்கள். அதில் நான் ஒருவன். அரிசி வந்து இறங்கிய அன்று லாரிக்குப் பக்கத்தில் நின்றவனும் நானே. சமையல் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு எண்ணினேன், 25 கிலோ மூட்டை, மொத்தம் 32. ஞாயிறு ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில் (கோயிலை ஒட்டிய அறையில்) வவுச்சர் ஃபைலைத் திறந்தால் பில்லில் 40 என்று இருந்தது. பொருளாளர் எதிரே உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். வெளியே என் பிள்ளைகள் பசிக்கிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பதினொரு நாள் அது என்னை விடவில்லை. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். மத்தேயு 18:15 சொல்கிற வழி அதுதான்: "நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." போகிற வழியெல்லாம் கடுமையான வாக்கியங்களாகவே மனதில் கட்டிக்கொண்டு போனேன். ஆனால் உட்கார்ந்ததும் வாயில் வந்தது வேறு. "அண்ணாச்சி, 32 மூட்டைதான் வந்ததுன்னு தெரிஞ்சே நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அது என் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். முந்தைய வருஷம் பந்தல்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை கமிட்டி ஏற்கவில்லை. அந்த மனிதர் வாரம் தவறாமல் இவர் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். எட்டு மூட்டைப் பணத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறார். பில்லில் எழுதியது பொய், சந்தேகமில்லை. ஆனால் பன்னிரண்டு நாளாக நான் மனதுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் திருடன். அதுவும் பொய்.

இதனால்தான் முதலில் தனியாகப் போகச் சொல்லியிருக்கிறது. பாதி உண்மை அவரிடம் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் கணக்கைத் திருத்தி வாசித்தோம், என் கையெழுத்தையும் சேர்த்துத்தான். அன்றிலிருந்து கமிட்டியில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பொருளாளர் பேசுகிறார்.

அவர் மறுத்திருந்தால்? அதற்கும் அதே அதிகாரத்தில் வழி இருக்கிறது. இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அப்புறம் சபைக்குத் தெரியப்படுத்த வேண்டும். அந்த வரிசையை மாற்றி முதலிலேயே வாட்ஸ்அப் குழுவில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றுக்கும் தனியாகப் போய்ப் பேசுவதுதான் வழியா?

இல்லை. பிள்ளைகள் பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்யப்பட்டால் மத்தேயு 18-ஐ எடுத்துக்கொண்டு அந்த ஆளைத் தனியாகப் போய்ப் பார்க்காதீர்கள். அது சகோதரனுக்கு விரோதமான மனத்தாங்கல் அல்ல, குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இலவசம், நாள் முழுவதும் எடுப்பார்கள்.

"சபைக்குக் கெட்ட பெயர் வரும், உள்ளுக்குள்ளேயே ஜெபித்துத் தீர்ப்போம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் நீங்கள் பேச வேண்டும்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வேதமே சொல்கிறதே? ஊழியரைப் பற்றிப் பேசினால் சாபம் வரும் என்கிறார்கள்.

இந்த ஒரு வசனம் எத்தனை வாய்களை அடைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. சங்கீதம் 105:15. அந்தச் சங்கீதத்தை மேலேயிருந்து வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சத் தொகைக்குட்பட்ட ஜனங்களாய், பரதேசிகளாய்த் திரிந்தபோது ராஜாக்கள் அவர்களை ஒடுக்காதபடி தேவன் கடிந்துகொண்டார் என்பதே அங்கே உள்ள செய்தி. பலமுள்ளவனிடமிருந்து பலமில்லாதவனைக் காக்கச் சொன்ன வார்த்தை அது. அதை மேடையில் நிற்கிறவரைக் காக்கத் திருப்பிப் பிடிப்பது வசனத்தைத் தலைகீழாக்குவது.

அபிஷேகம் பண்ணப்பட்ட சவுல் ராஜா தன்னைக் கொல்லத் தேடியபோதும், குகையில் கைக்கு எட்டியபோதும் தாவீது அவனைத் தொடவில்லை, சரி. ஆனால் குகையை விட்டு வெளியே வந்து, அறுத்த சால்வைத் துண்டைக் கையில் தூக்கிக் காட்டி, நேருக்கு நேராக அவனுடைய அநியாயத்தைச் சொன்னார். கொல்லாமல் இருப்பதற்கும் பேசாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரே அதிகாரத்தில் (1 சாமுவேல் 24) இருக்கிறது. பிறகு தாவீதே ராஜாவானார், தப்பும் செய்தார்: உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைச் சாகவைத்தார். "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல நாத்தான் தீர்க்கதரிசியைக் கர்த்தரே அனுப்பினார். அப்போது அபிஷேகம் பண்ணப்பட்டவர் தாவீதுதான்.

அன்போடு சொல்ல வேண்டும் என்கிறார்களே. அது பூசி மெழுகுவது ஆகாதா?

நாத்தான் பூசி மெழுகவில்லை. வழியைத்தான் தேடினார். தாவீதுக்கு ஒரு கதை சொன்னார்: ஒரு ஏழை, அவனிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அவன் கையிலிருந்தே தின்று அவன் மடியிலே படுத்துக்கொள்கிற குட்டி. அதை ஓர் ஐசுவரியவான் பிடுங்கிக்கொண்டான். தாவீது ஆடு மேய்த்தவர். அந்த இடத்தில்தான் அவருக்கு வலிக்கும் என்று நாத்தானுக்குத் தெரிந்திருக்கிறது. உரியாவின் பெயரை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போயிருந்தால் ராஜாவுக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும்.

பேசப் போகிறவரை நமக்கு எவ்வளவு தெரியும், அவர் திரும்பி வர வேண்டும் என்ற விருப்பம் நமக்கு இருக்கிறதா? என் மனதுக்கு இந்த இரண்டும்தான் அன்பு. குரலைக் குழைத்துப் பேசுவது அல்ல. பின்னால் பத்சேபாளுக்கும் தாவீதுக்கும் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை 1 நாளாகமம் 3:5 சொல்கிறது. அதில் ஒருவன் பெயர் நாத்தான். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுதான் வாசிப்பேன்.

வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால் "நம்ம ஆட்கள்தானே?" என்று கேட்கிறார்கள். இதில் என்ன பேசுவது?

"இரட்சிக்கப்பட்ட மணமகன் தேவை" என்று எழுதி, அடுத்த வரியிலேயே சாதியையும் எழுதுகிற விளம்பரங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தனித்தனிக் கல்லறைகளையும் பார்த்திருக்கிறோம். அந்தியோகியாவில் பேதுரு எழுந்து போன பந்தி இதுதான் என்று நான் கூட்டத்தில் சொன்ன அன்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை தீர்மானமாக, உடனே, இறுதியாக விடப்பட வேண்டும் என்று எழுதி அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் நிறையப் பேர் சபையை விட்டே போனார்கள். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்தவர், எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவர், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அதே ஊரில் நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து எழும்பிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-இல்தான் சுவர் இடிக்கப்பட்டது, அதற்கும் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயர் இல்லாமல்தான் அறிவித்தார்கள்.

நீங்கள் எங்கே பேசுவது என்று கேட்டால், மேடையில் அல்ல என்பேன். உங்கள் மகனுக்கோ மகளுக்கோ பெண், மாப்பிள்ளை பார்க்கிற அன்று, உங்கள் அத்தையும் மாமாவும் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், "அதை நாங்க கேட்கப் போறதில்லை, அத்தை" என்று சொல்லுங்கள். மேடைப் பிரசங்கத்தைவிட இந்த ஒரு வரிக்கு விலை அதிகம். கொடுக்கத் தயாரானால்தான் வாயில் வரும்.

அலுவலகத்தில் பொய் பில்லுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வேலை போய்விடும் என்று பயம்.

முதலில் உங்கள் கை செய்யப் போவதை மட்டும் பாருங்கள். ஊழல் முழுவதையும் அம்பலப்படுத்தும் பாரத்தை முதல் நாளே தலையில் ஏற்ற வேண்டாம். "இது என் பெயரில் வேண்டாம் சார், நான் பார்க்காத சரக்குக்கு நான் கையெழுத்துப் போட முடியாது." இவ்வளவு போதும். விளக்கமும் வேண்டாம், வசனமும் வேண்டாம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று ஆண்டவர் சொன்னதில் ஒரு சுருக்கம் இருக்கிறது. நாம் நீட்டிப் பேசும்போதுதான் பொய் உள்ளே நுழைகிறது.

வேலை போகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். போன ஆட்களை எனக்குத் தெரியும். அப்படி ஒருவருக்கு நேர்ந்தால், அந்த மாதம் அவர் வீட்டு அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பொறுப்பெடுக்க வேண்டியது அவரைத் தைரியப்படுத்திய சபை. அதைச் செய்யாத சபைக்கு இதைப் பற்றிப் பிரசங்கிக்கிற உரிமை குறைவு என்றே நினைக்கிறேன்.

பேச வேண்டிய நேரத்தில் பேசவில்லை. இப்போது காலம் கடந்துவிட்டதே?

ஜெர்மனியில் இட்லர் காலத்தில் சபையை அரசு விழுங்குவதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1934-இல் பார்மன் நகரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். துணிச்சலான அறிக்கைதான். ஆனால் அதில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவர்களில் ஒருவரான மார்ட்டின் நீமோலர் 1937-இல் கைதாகி, 1945 வரை முகாம்களில் அடைபட்டிருந்தார். போர் முடிந்த அக்டோபர் மாதம் ஸ்டுட்கார்ட்டில் அவரும் மற்றத் தலைவர்களும் கையெழுத்திட்ட அறிக்கையில், நாங்கள் இன்னும் தைரியமாய் அறிக்கையிடவில்லை, இன்னும் உண்மையாய் ஜெபிக்கவில்லை, இன்னும் சந்தோஷமாய் விசுவாசிக்கவில்லை, இன்னும் ஊக்கமாய் நேசிக்கவில்லை என்று எங்களையே குற்றப்படுத்துகிறோம் என்று எழுதினார்கள். முகாமில் கிடந்த மனிதர் "நான் பேசினேனே" என்று ஒதுங்கி நிற்கவில்லை.

செத்தவர்களை அது திருப்பிக் கொண்டுவரவில்லை. காலம் கடந்தது கடந்ததுதான். ஆனாலும் "அன்றைக்கு நான் பேசவில்லை" என்பதும் ஓர் உண்மை, அதையும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மௌனத்தால் அடிபட்டவர் உயிரோடு இருந்தால், அவரிடமிருந்து தொடங்குங்கள்.

தைரியத்துக்காக எப்படி ஜெபிப்பது?

அப்போஸ்தலர் 4:29-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பயமுறுத்தலை நிறுத்தும் என்று அந்த முதல் சபையார் கேட்கவில்லை. அதைக் கவனியும் என்றார்கள், எங்களுக்குத் தைரியம் தாரும் என்றார்கள். தனியாகவும் கேட்கவில்லை, ஒருமனப்பட்டுக் கேட்டார்கள். பவுலும் சங்கிலியில் கட்டுண்டிருந்த நாளில், தைரியமாய்ப் பேசத் தனக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்று எபேசியருக்கு எழுதினார். பவுலே கேட்டார் என்றால், ஒரே ஒரு நண்பரிடமாவது "இந்த வியாழக்கிழமை நான் பேசப் போகிறேன், எனக்காக ஜெபியுங்கள்" என்று நாமும் கேட்கலாம். நாளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு தள்ளிப்போடுவது கடினம்.

பேசிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் மாறவில்லை, நான்தான் கெட்டவன் ஆனேன்.

எரேமியா 36. எரேமியா தீர்க்கதரிசி கர்த்தருடைய வார்த்தைகளைச் சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற அவருடைய எழுத்தர் மையினால் ஒரு சுருள் எழுதினார். அது யோயாக்கீம் ராஜாவிடம் போயிற்று. ஒன்பதாம் மாதம், குளிர்காலத்து வீடு, ராஜாவுக்கு முன்னால் கணப்பில் நெருப்பு. மூன்று நாலு பத்தி வாசித்தவுடனே அவன் சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போட்டான். அடுத்ததை வாசித்தார்கள், அதையும் போட்டான். சுருள் முழுவதும் வெந்துபோகும் வரை. அங்கே இருந்தவர்களில் மூன்று பேர், "எரிக்க வேண்டாம்" என்று கெஞ்சினார்கள். கேட்கவில்லை.

எரேமியாவும் பாருக்கும் ஒளிந்துகொண்டார்கள். வேதம் அதை மறைக்கவில்லை, கர்த்தர் அவர்களை மறைத்தார் என்றே சொல்கிறது. அப்புறம் எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கின் கையில் கொடுத்தார். எரிந்துபோன வார்த்தைகளையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். "இன்னும் அவைகளுக்கு ஒத்த அநேகம் வார்த்தைகளும் அவைகளோடே சேர்க்கப்பட்டது" என்று அந்த அதிகாரம் முடிகிறது. நம் கையில் இருப்பது அந்த இரண்டாவது சுருள்.